வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வருமா? மூளை வளர்ச்சியும் உளவியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் என்றால் அவ்வப்போது பேசக் கூப்பிடுவார்கள். மைக் இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டீ கொடுக்கும் இடத்தில்தான் ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள். அப்படிச் சேர்ந்த கேள்விகள் இவை. அங்கே நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன்.

மூளை எப்போது உருவாக ஆரம்பிக்கிறது?

கரு தரித்த மூன்றாவது வாரத்தில். அம்மாவுக்கே விஷயம் தெரிந்திருக்காத நேரம் அது. கருவின் முதுகுப் பக்கத்தில் தகடு போல இருக்கும் திசுவின் இரண்டு ஓரமும் மடிந்து எழும்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகிறது. நரம்புக் குழாய் என்று பெயர். இதன் மேல்முனை மூளையாகும், மீதி தண்டுவடமாகும். சுமார் 28 நாளுக்குள் குழாய் முழுக்க மூடிவிட வேண்டும். எங்காவது ஓரிடத்தில் மூடாமல் நின்றால் முதுகெலும்புப் பிளவு போன்ற பிறவிக் குறைகள் வரும்.

ஃபோலிக் அமில மாத்திரையைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கச் சொல்வது இதனால்தான். நாள் தள்ளிப்போய், டெஸ்ட் எடுத்து, டாக்டரைப் பார்க்கப் போவதற்குள் குழாய் மூடும் வேலை முடிந்தே போயிருக்கும். 1991-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏற்கெனவே இந்தக் குறையோடு ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. உளவியல் பேச வந்தவர் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மூளை வளர்ச்சிக்கு இவ்வளவு உறுதியாகப் பலன் தெரிந்த, இவ்வளவு மலிவான விஷயம் வேறு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

நம் ஊர்ச் செய்தி ஒன்று: சென்னை ஐஐடியில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, 5,132 சீவல்களைச் செல் தெரியும் அளவுக்குப் படம்பிடித்து, முப்பரிமாணமாகச் சேர்த்து 2024 டிசம்பரில் வெளியிட்டது. 'தரணி' என்று பெயர். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

பிறக்கும்போதே மூளை செல் எல்லாம் இருக்குமாமே. அப்புறம் என்னதான் வளர்கிறது?

பிறந்த குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் இருக்கும். பெரியவர்களுக்கு 1,300, 1,400 கிராம். மனித மூளையில் உள்ள நரம்பு செல்கள் சுமார் 8,600 கோடி என்று 2009-இல் பிரேசில் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பிறக்கும்போதே தயார். பிறகு கூடுவது செல்களின் கிளைகள், அவற்றுக்கு இடையேயான இணைப்புகள், கூடவே மயலின் என்ற கொழுப்பு உறை. மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி இது நரம்பிழையைச் சுற்றிக்கொள்ளும். சுற்றியபின் சமிக்ஞை பல மடங்கு வேகமாக ஓடும்.

இணைப்புகளின் கதைதான் சுவாரசியமானது. சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து இணைப்புகளை எண்ணிக்கொண்டே இருந்தார். வயது கூடினால் இணைப்பும் கூடும் என்றுதானே யாரும் நினைப்போம்? 1979-இல் அவர் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. நெற்றிப் பக்க மூளையில், ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு இணைப்பின் அடர்த்தி பெரியவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம்.

கம்பு விதைக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. விதையை நெருக்கமாகப் போட்டு, முளைத்து வந்தபின் அதிகப்படி செடியைப் பிடுங்கிப் பயிர் கலைத்துவிடுவார்கள். மூளையும் தேவைக்கு மேல் இணைத்துவிட்டு, புழங்குவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கலைக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இல்லை. பார்வைப் பகுதியில் இணைப்புகள் முதல் வருஷத்திலேயே உச்சத்துக்குப் போய்விடும். திட்டமிடுதல், தன்னைக் கட்டுப்படுத்துதல் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்மூளையில் கலைப்பு வேலை இருபது வயதைத் தாண்டியும் நடக்கும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

மூன்று வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தை வைத்து எவ்வளவோ பொருள் விற்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், பயத்தில் உள்ள உண்மை. டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் சில வாரம் மூடி வைத்தார்கள். திறந்தபோது கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் பூனைக்கு அந்தக் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை. மூளையில் அதற்கான இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தால் ஒன்றும் ஆகவில்லை. 1981-இல் இவர்களுக்கு நோபல் கிடைத்தது. குழந்தைகளின் 'சோம்பேறிக் கண்' இதே கதைதான். நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடி, சோம்பும் கண்ணுக்கு வேலை கொடுக்கும் வைத்தியம் சின்ன வயதில் நன்றாகப் பலிக்கும், வயது ஏற ஏறப் பலன் குறையும். ஆகவே பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஒரு கண் மங்கல் என்பதைக் குழந்தை சொல்லாது, அதற்கே தெரியாது.

இப்போது மறுபக்கம். பிறவிக் கண்புரையோடு பார்வையில்லாமல் வளர்ந்த வட இந்தியக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, பிறகு அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராயும் திட்டம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருக்கும் பவன் சின்ஹா தொடங்கிய 'புராஜெக்ட் பிரகாஷ்'. எட்டு வயதிலிருந்து பதினேழு வயது வரையிலான ஐந்து பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். கட்டு அவிழ்த்த உடனே, கையால் தடவிப் பார்த்த பொருளைக் கண்ணால் பார்த்து 'இதுதான் அது' என்று எடுக்கச் சொன்னார்கள். முடியவில்லை, குத்துமதிப்பாகத்தான் சொன்னார்கள். சில நாள் கழித்துக் கேட்டபோது பெரும்பாலும் சரியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கூர்மையான பார்வை அவர்களுக்குக் கிடைப்பதில்லை, அது உண்மை. ஆனால் 'ஏழெட்டு வயசுக்கு மேல ஆபரேஷன் வீண்' என்ற பழைய எண்ணம் அடிபட்டுப் போனது.

மூன்றாவது, ருமேனியா. அங்கே சர்வாதிகாரி செஷெஸ்கு ஆட்சியில் 1966-இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார்கள். வளர்க்க வழியில்லாமல் பெற்றோர் விட்டுப்போன பிள்ளைகளால் அரசு விடுதிகள் நிரம்பின. 1989-இல் ஆட்சி விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்படி இருந்தார்கள். சோறு உண்டு, கூரை உண்டு. அழுதால் தூக்க ஆள் கிடையாது. கொஞ்ச நாளில் அழுவதையே விட்டுவிடும் குழந்தைகள் அவை. 2000-இல் புகாரெஸ்ட் நகரில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்ற மூவர், இரண்டரை வயதுக்கு உட்பட்ட 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிய மாதிரி பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவுத்திறனிலும் உறவுகளிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு லாபம் அதிகம். மீதிப்பேரை அங்கேயே விட்டது சரியா என்ற சர்ச்சை இன்றும் இருக்கிறது. எனக்கும் அதில் உறுத்தல் உண்டு.

ஆக, முதல் வருஷங்கள் முக்கியம்தான். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு இல்லாமல் போனது ஃபிளாஷ் கார்டு இல்லை. அழுதால் வந்து தூக்குகிற, தினமும் அதே முகமாக இருக்கிற ஒரு ஆள்தான் இல்லாமல் போனார். உங்கள் வீட்டில் அது இருக்கிறது என்றால் மூன்று வயதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வயிற்றில் இருக்கும்போது பாட்டுக் கேட்டால் குழந்தை புத்திசாலியாகுமா?

வயிற்றிலிருந்தே கேட்கும் என்பது உண்மை. 1980-இல் அந்தோனி டிகாஸ்பர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் நிப்பிளை வைத்து, ஒரு விதமாகச் சப்பினால் அம்மா குரல், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் என்று ஏற்பாடு செய்தார்கள். குழந்தைகள் அம்மா குரல் வரும்படி சப்பின.

புத்திசாலித்தனம் வேறு கதை. மேற்கத்திய இசைமேதை மோசார்ட்டின் இசையைக் கேட்டால் புத்தி கூடும், 'மோசார்ட் விளைவு' என்று ஊதப்பட்ட 1993 ஆய்வில் குழந்தைகளே கிடையாது. 36 கல்லூரி மாணவர்கள், பத்து நிமிஷ இசை, கால் மணி நேரத்தில் கரைந்துபோன சின்ன முன்னேற்றம். அவ்வளவுதான். அதை நம்பி 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க ஏற்பாடு செய்தார். பாட்டுக் கேளுங்கள், அம்மாவுக்கு மனம் லேசானால் நல்லதுதான். வயிற்றின் மேல் ஹெட்போன் வேண்டாம்.

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். குழந்தை குழம்பாதா?

குழம்பாது. பிறந்த குழந்தையின் காது எந்த ஊர் மொழிக்கும் தயாராக இருக்கிறது. இதைக் காட்டிய பழைய ஆய்வு ஒன்று நமக்கு நெருக்கமானது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-இல் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஒன்று நம் 'த' மாதிரி, இன்னொன்று நம் 'ட' மாதிரி. 'பத்து', 'பட்டு' இரண்டையும் நாம் எப்போதாவது குழப்பிக்கொள்வோமா? ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு அந்த வித்தியாசம் காதில் விழுவதே கஷ்டம். ஆனால் ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டன. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் கேட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு முடியவில்லை. வீட்டில் புழங்காத ஒலி, பயிர் கலைப்பில் போய்விட்டது.

நமக்கும் இது நடந்திருக்கிறது. டெல்லிக்கு வேலைக்குப் போன நம்மூர்ப் பையனுக்கு 'கானா' என்றால் பாட்டா, சாப்பாடா என்பது காதால் பிடிபட ரொம்ப நாளாகும். தமிழ் எழுத்திலும் இரண்டும் ஒன்றுதான். அவன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அந்தக் காதுக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

இரண்டு மொழியில் வளரும் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாக எண்ணினால் சொற்கள் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பற்றாக்குறை இருக்காது. 'அம்மா, வாட்டர் குடு' என்பது குழப்பமில்லை, கையில் இருக்கும் சொல்லைப் போட்டு வேலையை முடிக்கும் சாமர்த்தியம். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? பேச்சு தாமதமானால் காரணம் இரண்டாவது மொழி இல்லை. முதலில் காது கேட்கிறதா என்று சோதித்துவிட்டு, பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். 'ஆங்கிலம் வராது' என்று பயந்து வீட்டில் தமிழை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேசும் ஆங்கிலமும் நாலைந்து கட்டளைகளோடு நின்றுவிடும். கம், சிட், ஈட், டோன்ட் டச். கதை, கிண்டல், கொஞ்சல் எல்லாம் வீட்டை விட்டுப் போய்விடும். நஷ்டம் அங்கேதான்.

போனில் ரைம்ஸ் பார்த்து நிறையக் கற்றுக்கொள்கிறானே?

ரைம்ஸைக் கற்றுக்கொள்கிறான். மொழியைக் கற்பது வேறு. சியாட்டிலில் பாட்ரீசியா கூல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசும் ஆட்களை வைத்து 12 தடவை விளையாட்டுக் காட்ட வைத்தார். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, டிவி வழியாகப் போனபோது ஒன்றும் ஏறவில்லை. குழந்தை பார்க்கும் இடத்தைத் தானும் பார்த்து, அது 'ங்கா' என்றால் பதிலுக்கு ஏதாவது சொல்லும் ஆள் திரையில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஊரில் இருக்கும் பாட்டியோடு வீடியோ கால் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாட்டி பதில் சொல்கிறாரே.

சரி, வெண்டைக்காய்?

வெண்டைக்காயில் ஃபோலேட் சத்து உண்டு, உடம்புக்கு நல்லது. கணக்கு வராது. வல்லாரையும் அப்படித்தான், துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ஆனால் பரீட்சைக்கு முந்தைய நாள் கட்டுக் கட்டாக வாங்காதீர்கள்.

மூளைக்குச் சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது. பெரியவர்களில் மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் செலவாகும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். ஐந்து வயதுக் குழந்தையில் அது 66 சதவீதம் வரை போகிறது என்று கிறிஸ்டோபர் குசாவாவின் குழு 2014-இல் கணக்கிட்டது. அந்த வயதில் உடல் வளர்த்தி மந்தமாக இருப்பதற்கே இது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு பிள்ளையின் படிப்புக்கே கொடுக்கும் வீடு மாதிரி. நம் ஊரில் கவனிக்க வேண்டியவை இரும்புச்சத்தும் அயோடினும். இரத்தசோகை உள்ள குழந்தை மந்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு 'படிப்பு ஏறலை' என்று டியூஷன் வைப்பார்கள். முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மிட்பிரெயின் ஆக்டிவேஷன், விரல்ரேகை டெஸ்ட் இதெல்லாம்?

பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிட்பிரெயின், அதாவது நடுமூளை என்பது கண் அசைவு, சத்தம் வந்த பக்கம் திரும்புதல், விழிப்பு போன்றவற்றில் பங்கெடுக்கும் பகுதி. அது வேலை செய்யாத குழந்தை உங்கள் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்காது. நடுமூளையை 'எழுப்பிவிட்டோம்' என்று காட்ட, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் செயல்விளக்கம் ஒன்றை நேரில் பார்த்தேன். ஒன்பது வயதுச் சிறுமி. கார்டைக் கொடுத்ததும் தாடையை லேசாக உயர்த்தி, கார்டை மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள். மூக்கின் ஓரத்துக்கும் துணிக்கும் நடுவே இருக்கும் சந்து போதும். கார்டை அவள் தலைக்கு மேல் பிடித்துக் காட்டலாமா என்று கேட்டேன். 'குழந்தைக்கு இன்று சக்தி குறைவு' என்றார்கள். பல ஆயிரம் கட்டிய பெற்றோரை ஏமாற்றியதைவிட, மேடையில் நின்று நடிக்க அந்தக் குழந்தையைப் பழக்கியதுதான் எனக்குக் கோபம்.

விரல்ரேகை தாயின் வயிற்றிலேயே பதிந்துவிடுவது. அதைப் பார்த்துக் குழந்தை இன்ஜினியரா, பாடகரா என்று சொல்வது கைரேகை ஜோசியத்துக்குக் கம்ப்யூட்டர் பிரிண்ட் எடுத்த மாதிரி.

இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்? மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே?

இரண்டும் தவறு. மொழி பெரும்பாலோருக்கு இடப்பக்கம் சாய்ந்திருப்பது உண்மை, ஆனால் கணக்குப் போடுகிறவரும் பாடுகிறவரும் இரண்டு பக்கத்தையும்தான் பயன்படுத்துகிறார்கள். 10 சதவீதம்தான் வேலை செய்கிறது என்றால் பக்கவாதத்தில் ஒரு சின்ன இடம் பாதித்தால்கூட கை கால் விழுவானேன்?

பத்தாவது வரை தங்கமான பையன். இப்போது சிடுசிடுப்பு, ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம், பைக்கில் பறக்கிறான். என்ன ஆச்சு?

மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் 2005-இல் 306 பேரை ஒரு வீடியோ கேமில் கார் ஓட்ட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது, நிறுத்துவதா, போய்விடுவதா? தனியாக ஓட்டியபோது பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது பதின்ம வயதினர் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. உங்கள் மகனுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை, பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பன் ஒரு சுவை. அந்தச் சுவையை உணரும் பகுதி இந்த வயதில் சூடாக இருக்கிறது, பிரேக் போடும் முன்மூளையில் வேலை இன்னும் முடியவில்லை. ஆகவே 'மெதுவா போ' என்று நூறு தடவை சொல்வதைவிட 'மூணு பேர் போகாதே' என்ற ஒன்றில் பிடிவாதமாக இருங்கள்.

தூக்கத்தில் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. பருவமடையும் வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்பது எப்போதும் சாக்கு இல்லை. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும். காலை ஐந்தரைக்கு டியூஷன் வைத்த நாம் அந்தக் கணக்கைக் கெடுக்கிறோம். அப்புறம் போன்.

சிடுசிடுப்பு வேறு, முடங்கிப்போவது வேறு. வாரக்கணக்கில் நண்பர்களையும் விட்டுவிட்டான், சாப்பாடு இறங்கவில்லை, 'நான் இருந்து என்ன பயன்' என்கிறான் என்றால் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும்?

அட்டவணை கேட்பவர்களிடம் நான் பிள்ளைத்தமிழைச் சொல்வேன். ஐந்தாம் மாதத்தை ஒட்டித் தலை நிமிர்த்தித் தவழப் பார்க்கும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தை ஒட்டிக் கைகொட்டும் சப்பாணி, ஒரு வயதை ஒட்டித் தள்ளாடி நடந்துவரும் வாரானை, அதன் பிறகு நிலாவைக் கூப்பிடும் அம்புலி. குழந்தையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வகுத்த வரிசை அது. அம்புலிப் பருவம் எனக்கு மிகவும் பிடித்தது. விரல் நீட்டி 'அதோ பார்' என்றால், விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் இடத்தைப் பார்ப்பதும், தானே விரல் நீட்டி நம்மைப் பார்க்க வைப்பதும் மூளை வளர்ச்சியில் பெரிய படி. சொல் வரும் முன்னால் வருவது அது. ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். நடை ஓரிரு மாதம் முன்னே பின்னே ஆவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

படித்தது பரீட்சையில் ஏன் மறந்துபோகிறது?

திரும்பத் திரும்ப வாசிப்பதால். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவை ஒரு பத்தியை நான்கு தடவை வாசிக்க வைத்தார்கள். இன்னொரு பிரிவு ஒரு தடவை வாசித்து, மூன்று தடவை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்து வாசித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதியவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 40. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒப்பிக்கச் சொன்ன திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு இந்தப் பாதி தெரிந்திருந்தது. புரியாமல் ஒப்பிக்க வைத்தது மறுபாதி.

எனக்கு நாற்பத்தைந்து. இனிமேல் புதிதாக ஏதாவது ஏறுமா?

ஏறும், மெதுவாக. லண்டன் டாக்ஸி ஓட்டுநர் உரிமத்துக்குச் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இதற்காகப் பயிற்சி எடுத்தவர்களை எலினர் மக்வைரும் அவருடைய சகாவும் வருஷக்கணக்கில் தொடர்ந்து ஸ்கேன் எடுத்து 2011-இல் வெளியிட்டார்கள். தேறியவர்களின் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில், இடங்களை நினைவில் வைக்கும் பின்பகுதி பெருத்திருந்தது. தேறாதவர்களில் அந்த மாற்றம் இல்லை. எல்லாரும் வளர்ந்த ஆட்கள்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கும்படி ஏதாவது சொல்லுங்களேன்.

இரண்டு சொல்கிறேன். முதலாவது, சுவிட்சர்லாந்துக்காரர் ஜீன் பியாஜே செய்தது. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாக மோர் ஊற்றி, நாலு வயதுக் குழந்தையிடம் 'ரெண்டும் சமமா?' என்று கேளுங்கள். 'சமம்' என்றதும், அதன் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் மோரை அகலமான டபராவில் ஊற்றுங்கள். 'இப்போ எதுல ஜாஸ்தி?' பெரும்பாலும் டம்ளரைக் காட்டும், உயரமாகத் தெரிகிறதே. ஏழு வயதுக் குழந்தை உங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, 'அதே மோர்தானே' என்று சொல்லும். நடுவில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இரண்டாவது எனக்கு இன்னும் பிடித்தது. நீல நிற வெளிநாட்டு பிஸ்கட் டப்பா எல்லார் வீட்டிலும் இருக்கும், உள்ளே ஊசி நூல் இருக்கும். என் தம்பி மகளுக்கு அப்போது மூன்று வயது. டப்பாவைக் காட்டி உள்ளே என்ன என்றேன். 'பிஸ்கட்!' திறந்தேன். நூல்கண்டு, ஊக்கு, இரண்டு பித்தான். முகம் தொங்கிப்போனது. மூடினேன். 'அப்பா இன்னும் இதைத் திறந்து பார்க்கலை. ஆபீஸ்ல இருந்து வந்ததும் கேட்டா, உள்ள என்ன இருக்குன்னு சொல்வாரு?' 'ஊசி நூல்' என்றாள், சந்தேகமே இல்லாமல். 'திறக்கறதுக்கு முன்னாடி நீ என்ன நினைச்சே?' அதற்கும் 'ஊசி நூல்'. தனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும், தனக்கும் எப்போதும் தெரிந்திருந்தது. இந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கின்றன.

ஒன்றரை வருஷம் கழித்து அதே கேள்வியை வேறு டப்பாவில் வைத்துக் கேட்டேன். இந்தத் தடவை மிட்டாய் டப்பாவுக்குள் ரப்பர் பேண்ட். கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, 'அப்பா மிட்டாய்னுதான் நினைப்பாரு. நீங்க சொல்லிடாதீங்க பெரியப்பா, அவரே வந்து திறக்கட்டும்' என்றாள்.